ஏரோதின் காட்சிக்கு ஒரு தாய்

டிசம்பர் 5, 1954. ஞாயிறு

விடிந்ததிலிருந்து மூடுபனி. ஆராதனைக்குப் பதினொரு பேர். இருமல் விடவில்லை.

போதகர் ஐயரிடமிருந்து கடிதம். யாழ்ப்பாணத்துக்காரர், கையெழுத்தும் அவர் சட்டை மாதிரியே மடிப்புக் கலையாதது. மாதத்துக்கு ஒருமுறை ஹட்டனிலிருந்து வருகிறவர், கிறிஸ்மஸ் நாடகத்துக்கு 26ஆம் தேதி வருகிறாராம். "இம்முறை சனங்கள் சிரிக்காதபடி பார்த்துக்கொள்ளும்." போன வருடம் ஏரோது குழந்தைகளை வெட்டச் சொன்னபோது, தாய்மாராக நின்ற பெண்கள் அழுவதை விட்டுவிட்டு முந்தானைக்குள் சிரித்துத் தொலைத்தார்கள். சபையே சிரித்தது. உபதேசியாராகி எட்டு வருடம். அப்படி என் மானம் போனதில்லை.

வேண்டியவை: கிரேப் பேப்பர் (கொட்டகலைக் கடையில்). மீசை. வாள் 2. ஆட்டுக்குட்டி வேண்டாம், போன தடவை கோயிலுக்குள் அசிங்கம் பண்ணியது. அழத் தெரிந்த ஓர் ஆள்.

அப்படி ஒருவன் இருக்கிறான். அதுதான் சிக்கல்.

டிசம்பர் 7, செவ்வாய்

மழை. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் மேல் லயத்துக்குப் போனேன். காலில் அட்டை இரண்டு.

ஆசீர்வாதம் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து வேலை முடிந்து வந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தான். முன்பு பெயர் முத்துக்கருப்பன். மாசியில் காமன் கூத்து நடக்கும்போது ஏழு வருடம் ரதி வேஷம் கட்டியவன். சிவன் காமனை எரித்ததும் ரதி பாடும் ஒப்பாரியைக் கேட்கப் பக்கத்துத் தோட்டத்து ஆட்களும் வருவார்கள், அழுதுவிட்டுப் போவார்கள். இரண்டு வருடத்துக்கு முன் ஞானஸ்நானம் எடுத்தபோது, இனி வேஷம் கட்டுவதில்லை, அந்தப் பாட்டை வாயில் எடுப்பதில்லை என்று அவனிடம் சத்தியம் வாங்கியது வேறு யாருமில்லை, நான்தான். அன்றிலிருந்து கோயிலில் கடைசியில் உட்கார்ந்து உதட்டை மட்டும் அசைக்கிறான்.

விஷயத்தைச் சொன்னேன்.

"நீங்கதானேங்க அய்யா வேணாம்னீங்க."

"அது கூத்து. இது சபை வேலை."

அவன் மனைவி பாக்கியம், இடுப்பில் கைப்பிள்ளையோடு: "நாளைக்கு யாராச்சும் ஒன்னு சொல்லிட்டா? ஜனவரியில பிள்ளைக்கு ஞானஸ்நானம் வச்சிருக்கோமுங்க."

"நான் இருக்கேன்ல" என்றேன். நெஞ்சில் கை வைத்துச் சொன்னதாக ஞாபகம்.

டிசம்பர் 11, சனி

மற்றவர்கள் கேலி பண்ணுவார்கள் என்று அவனுக்கு மட்டும் என் வீட்டில் ஒத்திகை. என் மனைவி எஸ்தர் தன் பழைய வெள்ளைச் சேலையைக் கொடுத்தாள்.

நான் எழுதிய வசனம்: "ஐயகோ பாலகனே, கொடுங்கோலன் வாளுக்கு இரையானாயோ!" இரண்டு நாள் உட்கார்ந்து எழுதியது. மூன்று தரம் சொல்லிப் பார்த்தான். நின்றுவிட்டான்.

"வாயில நிக்க மாட்டேங்குதுங்க. அந்தப் பிள்ளைக்குப் பேரு என்னாங்க?"

"வேதத்துல பேர் இல்ல."

"பேரு இல்லாம எப்படிங்க அழுவுறது?"

யாக்கோபு, யோசேப்பு, ஏதாவது வைத்துக்கொள் என்றேன். "அது கோயில்ல எழுதுற பேருங்க. கூப்புடுற பேரு வேணும்." தானே கட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னான். சரி என்றேன். உள்ளுக்குள் கொஞ்சம் கடுப்பு. என் வசனத்துக்கு என்ன குறை?

டிசம்பர் 18, சனி

கட்டிக்கொண்டு வந்துவிட்டான். எழுதத் தெரியாது, எல்லாம் வாயிலேதான். கொழுந்து பறிக்கப் போகிற தாய் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் குழந்தையை விட்டுப் போகிறாள். பால் கொடுக்கத் திரும்பி வந்தால் ஏரோதின் ஆட்கள் வந்து போயிருக்கிறார்கள்.

"பத்து மணி பாலு கட்டி ஓடி வந்தேனே - என் ராசு
பிள்ளைக் காம்பராவுல தொட்டிலு மட்டும் ஆடுதேடா."

எஸ்தர் அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். எங்களுக்கு முதல் பிள்ளை தங்கவில்லை. அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. நானும் எழுந்து சன்னல் பக்கம் போய்விட்டேன்.

மெட்டு ரதி மெட்டுத்தான். எனக்கு முதல் அடியிலேயே தெரிந்தது.

"மெட்டை மாத்த முடியாதாப்பா?"

"எனக்கு அழுவத் தெரிஞ்சது இதுலதாங்க அய்யா. நீங்க வேணாம்னா விட்டுடுறேன்."

இருக்கட்டும் என்றேன். தெரிந்தேதான் சொன்னேன். இதைத் தெளிவாக இங்கே எழுதி வைக்கிறேன்.

டிசம்பர் 26, ஞாயிறு

காலை நல்ல வெயில். பிற்பகல் மூன்றுக்கு நாடகம். கோயில் நிறைந்து, தோட்டத்து இந்துச் சனங்கள் சன்னலோரமெல்லாம். ஏரோதின் மீசை ஒரு பக்கம் கழன்றது. யாரும் சிரிக்கவில்லை.

ஆசீர்வாதம் வெள்ளைச் சேலையில் வந்து கீழே உட்கார்ந்தான். தரையைக் கையால் தடவினான். பாடினான். பெண்கள் பக்கம் ஓவென்று அழுகை. ஆண்கள் பக்கமும்தான். "ராசு" என்று அவன் கூப்பிட்டபோது இரண்டு மூன்று கைப்பிள்ளைகளைத் தாய்மார் இறுக்கிப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். அப்படி ஓர் அழுகையை இந்தக் கோயில் பார்த்ததில்லை.

சன்னலுக்கு வெளியே நின்ற ஒரு பெண் கையெடுத்துக் கும்பிட்டு, "ரதியம்மா, தாயே!" என்றாள். சத்தமாக. முன் வரிசையில் மூப்பர் தேவசகாயம் கணக்கப்பிள்ளை திரும்பினார். பிறகு ஐயர் திரும்பினார்.

முடிந்ததும் வாசலில் பள்ளிக்கூட வாத்தியார் என் கையைப் பிடித்தார். "பாட்டு நீங்க எழுதுனதுங்களா? அருமைங்க." நான் சிரித்தேன். இல்லை என்று சொல்லவில்லை. சும்மா சிரித்தேன்.

பத்து நிமிடம் கூட ஆகவில்லை. ஐயர் உள்ளறைக்குக் கூப்பிட்டார், மூப்பரும் இருந்தார்.

"இது காமன் கூத்துப் பாட்டெண்டு சொல்லினம். உம்முடைய ஏற்பாடோ?"

"நான் எழுதிக் குடுத்தது வேறங்க ஐயர். அவன் மாத்திட்டான்."

"உமக்குத் தெரியாமலோ?"

தலையை ஆட்டினேன். தெரியாது என்கிற ஆட்டம்.

உண்மையைச் சொல்லியிருந்தால் ஐயர் என்ன செய்திருப்பார்? திட்டியிருப்பார். அவ்வளவுதான். வேலை போயிருக்காது, வீடு போயிருக்காது. ஒரு திட்டுக்குப் பயந்து அவனைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

டிசம்பர் 27, திங்கள்

தடிமன், மூக்கடைப்பு. காலை ஜெபம் நடத்தினேன், என்ன சொன்னேன் என்று தெரியவில்லை. எஸ்தர் தேத்தண்ணீரை வைத்துவிட்டு முகம் பார்க்காமல் போனாள். அவளுக்கு எல்லாம் தெரியும். வெட்கமாக இருக்கிறது. வீட்டுக்குள்ளேயே தலையைத் தூக்க முடியவில்லை.

டிசம்பர் 28, செவ்வாய்

சபைக் கமிட்டி. தீர்மானம்: ஆசீர்வாதம் ஞாயிறு அன்று சபைக்கு முன் நின்று குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அதுவரை நற்கருணை இல்லை, பிள்ளைக்கு ஞானஸ்நானமும் இல்லை. எழுதியது நான். "உபதேசியாரின் சொல்லை மீறி" என்று மூப்பர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

சாயந்திரம் மேல் லயத்துக்குப் போய்ச் சொன்னேன்.

பாக்கியம்: "நீங்க ஐயர்கிட்ட சொன்னீங்களா இல்லீங்களா? நான்தான் பாடச் சொன்னேன்னு?"

ஆசீர்வாதம் அவளை அடக்கினான். "சும்மா இரு புள்ள. அய்யாவுக்கு வேலைக்கு ஏதும் ஆபத்து வந்திருக்கும். இல்லாட்டி சொல்லாம இருப்பாரா?" என்னைப் பார்த்து, "அப்படித்தானேங்க?" என்றான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டான். என்னைப் பாவம் என்று நினைத்து, கால் வழுக்கும் என்று வாய்க்கால் வரை கூடவே வந்து விட்டுப் போனான்.

பொய்க்கு மேல் பொய். இரண்டையும் வாய் திறக்காமலே சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 30, வியாழன்

ஐயரிடம் போய்ச் சொல்லிவிடுவது என்று குடை எடுத்துக் கிளம்பினேன். கொட்டகலையில் பஸ் வந்தது. ஏறவில்லை. அடுத்ததும் வந்தது. மண்ணெண்ணெய் ஒரு போத்தல் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

எஸ்தர்: "ஹட்டன் போயிட்டு வந்தீங்களா?" பஸ் வரவில்லை என்றேன்.

ஜனவரி 1, 1955. சனி

வருடப் பிறப்பு ஆராதனை, 40 பேர். பிறகு ஆசீர்வாதம் வீட்டு வாசலில் வந்து நின்றான். உள்ளே வா என்று கூப்பிட்டும் வரவில்லை.

"நாளைக்கு என்னா சொல்லணும்னு நீங்களே எழுதிக் குடுங்க அய்யா. படிச்சுக் காட்டுனீங்கன்னா மனசுல வச்சுக்குவேன். இந்த வாட்டி ஒரு எழுத்து மாத்த மாட்டேன்."

குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே உதவி கேட்டான். அதுதான் தாங்கவில்லை. உட்கார்ந்து எழுதினேன். "சபையோரே, உபதேசியார் தந்த வசனத்தைப் புறக்கணித்து, அவர் அறியாமல், அந்நிய தெய்வத்துக்குரிய பாட்டை ஆலயத்தில் பாடிய பாவியாகிய நான்..." "அவர் அறியாமல்" என்கிற இடத்தில் பேனாவை எடுத்தேன். மறுபடி வைத்தேன்.

மூன்று தரம் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டான். போய்விட்டான்.

ஜனவரி 2, ஞாயிறு

தூறல். சபை நிறைந்திருந்தது, கிறிஸ்மஸை விட அதிகம். வேடிக்கை பார்க்கத்தான். ஐயரும் இதற்கென்றே ஹட்டனிலிருந்து வந்திருந்தார்.

ஆசீர்வாதம் முன்னால் வந்து நின்றான். கையைக் கட்டிக்கொண்டான். நான் எழுதியதை எழுதினபடியே சொன்னான், பள்ளிக்கூடத்துப் பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி. குரலில் ஒன்றுமே இல்லை. ஒரு தோட்டத்தையே அழவைத்தவன். "அவர் அறியாமல்" வந்தபோது நான் பிரசங்க மேடைக்குக் கீழே தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முன்னால் வந்து சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. பாக்கியம் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்திருந்தாள். ஐயர் மன்னிப்பு ஜெபம் சொன்னார். எல்லோரும் ஆமென் என்றார்கள். நானும் சொன்னேன்.

ஞானஸ்நானத்துக்கு 16ஆம் தேதி குறித்தாயிற்று.

வாசலில் ஐயர் என்னிடம், "வாசகம் நல்லாயிருந்தது. உம்முடைய எழுத்தெண்டு விளங்குது" என்றார்.

ஆசீர்வாதம் பக்கத்தில்தான் நின்றான்.

"ஆமாங்க ஐயர்," என்றான். "இது முழுக்க அய்யா எழுதுனதுங்க."