பெயரும் விலாசமும் கீழே

இன்று காலை வெள்ளவத்தையில், காலி வீதியோரக் கணினிக் கடையில், என் லாப்டொப்பின் அடிமூடியைக் கழற்றினார்கள். சூடேறிய தூசியின் மணம் முகத்தில் அடித்தது. நான் ஒரு அடி பின்னால் போனேன். கடைக்காரர் கதிரையை இழுத்துப் போட்டார். உன் கட்டில் ஓரத்தில் அன்று எழுந்ததும் இதே மணம்தான், சிநேகிதி.

கடைசி மாதங்களில் மருந்து உன்னை நாள் முழுதும் மயக்கத்தில் போட்டிருந்தது. “எனக்கு ஒரு நாளைக்கு ரெண்டு மணித்தியாலம்தான் தலை தெளிவா இருக்குது. அதில அரை மணித்தியாலம் இந்தச் சனியன் வட்டம் சுத்துது,” என்று லாப்டொப்பைக் காட்டுவாய். அதற்குள்தான் உன் தம்பி இருந்தான். விசாரணைக்கென்று ஆமி அவனைக் கூட்டிக்கொண்டு போன நாளிலிருந்து நீ ஏறி இறங்கிய கந்தோர்கள், போட்ட மனுக்கள், கண்டவர்கள் சொன்னவை எல்லாவற்றையும் வரிசையாகத் தட்டெழுதிக்கொண்டிருந்தாய். தகப்பன் முகம் தெரியாமல் தெஹிவளையில் வளர்ந்த அவன் மகளிடம் அதைக் கையளிக்க வேண்டும் என்பது ஒன்றுதான் உன் ஆசை. முடிய இன்னும் இரண்டு, மூன்று பக்கங்களே இருந்தன.

பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. என்ற புது வகை டிஸ்க்கைப் போட்டால் பறக்கும் என்று சொன்னது நான்தான். “உன்ரை மெஷினுக்குப் போட்ட மாதிரி இதுக்கும் போடேலாது. இது பழசு. மொடல் நம்பரைப் படம் எடுத்துக்கொண்டு போய்க் கேளடி,” என்றாய். ஓம் என்றேன். படம் எடுக்கவில்லை. எனக்குத் தெரியும் என்ற எண்ணம். கடையில் இருந்ததில் ஆக வேகமானதைக் கேட்டு வாங்கினேன். சுவிங்கம் துண்டு போல மெல்லிய நீட்டுத் தகடு அது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் உன் பக்கத்தில் இருந்து ஆணிகளைக் கழற்றினேன். உள்ளே அந்தத் தகட்டைச் செருக இடமே இல்லை. சீட்டுக்கட்டு அளவில் தட்டைப் பெட்டியாகப் பழைய டிஸ்க், அதற்கான இடம், அவ்வளவுதான். அதைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பப் பூட்டினேன். திரை கறுப்பாகவே நின்றது. உள்ளே டக், டக் என்று ஒரு சத்தம்.

“பிரதி எடுத்திட்டுத்தானே கழட்டினனீ?”

“இல்லை,” என்றேன். நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாய். ஒரு வார்த்தை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

லாப்டொப்போடு கடைக்கு ஓடினேன். கடைக்காரர் கோபப்படாமல்தான் சொன்னார்: “மிஸ், வேகத்தைப் பாத்து வாங்கக்கூடாது. இந்த மெஷின் எந்த வகையை எடுக்கும் எண்டு முதல்ல பாக்கோணும். இதுக்குத் தட்டை வகைதான் போகும். டிஸ்க்கில இருக்கிறதை எடுக்கப் பாக்கிறன். ஆனா நாளைக்கு, நாளையிண்டைக்கு, திங்கள் போயா லீவு, மூண்டு நாளும் கடை பூட்டு.”

அந்த நாட்களில் நான் உன்னோடுதான் இருந்தேன். தெளிவான மணித்தியாலங்கள் வந்தன, போயின. ஜன்னலால் கடலைப் பார்த்துக்கொண்டு தம்பியைப் பற்றிக் கதைத்தாய். அவன் சோற்றுக்குள் வாழைப்பழம் பிசைந்து தின்பதை, முடிவெட்டப் பயந்து கட்டிலுக்குக் கீழே ஒளிந்ததை. நானோ டிஸ்க் மீளுமா என்ற ஒரே யோசனையில் தலையாட்டிக்கொண்டிருந்தேன். மேசையில் கொப்பி கிடந்தது. பேனை கிடந்தது. மரத்துப்போன உன் விரல்களால் பேனை பிடிக்க முடியாதுதான். எனக்கு முடியும். “மிச்சத்தைச் சொல்லு, நான் எழுதிறன்” என்று ஒரு தரம் கேட்கத் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை லாப்டொப் திரும்பி வந்தது. ஒரு எழுத்துக்கூட அழியவில்லை. கண் மூடித் திறக்குமுன் திரை வெளிச்சமாகிவிடும். அதை உனக்குக் காட்ட முடியவில்லை. விடியவே உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். பிறகு நீ கதைக்கவே இல்லை. வியாழக்கிழமை போய்விட்டாய். பொரளையில் உன்னை எரித்துவிட்டு வந்த பிறகுதான் அந்தக் கோப்பைத் திறந்தேன். கடைசி வரி: “தம்பியை முகாமில் கடைசியாகக் கண்டவர் இப்போது கொட்டாஞ்சேனையில் தையல் கடை வைத்திருக்கிறார். பெயரும் விலாசமும் கீழே.” கீழே ஒன்றும் இல்லை.

தம்பியின் மகளான உன் மருமகளிடம், “வருத்தம் கூடினதால மாமியால முடிக்கேலாமல் போச்சுது, பிள்ளை,” என்றேன். அவள் நம்பினாள். எட்டு மாதம் அந்தப் பொய்யோடு இருந்தேன். இன்று கடையிலிருந்து நேரே தெஹிவளைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை.

“அன்ரி, அந்த மூண்டு நாளும் மாமி அப்பாவைப் பற்றி என்ன கதைச்சவ?”

நினைவில் நின்றதைச் சொன்னேன். பாதிதான் நின்றிருந்தது.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. மூன்று மாதமாகச் சனிக்கிழமைகளில் தம்பியின் படத்தோடு கொட்டாஞ்சேனையில் தையல் கடை தையல் கடையாக ஏறி இறங்குகிறேன். எல்லோரும் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத் தெரியாது என்கிறார்கள். போன கிழமை ஒருவர் மட்டும், படத்தை நான் வெளியே எடுக்க முன்னமே, “எனக்கு ஒருத்தரையும் தெரியாது, நீங்கள் போங்கோ,” என்றார். கையில் இருந்த துணி கீழே விழுந்ததை அவர் எடுக்கவில்லை.

இந்தச் சனிக்கிழமை உன் மருமகளையும் கூட்டிக்கொண்டு அவரிடம் போகிறேன். அவருடைய பெயரைக் கேட்க மாட்டேன். தம்பியைக் கண்டதை உன்னிடம் சொன்னவர் அவர்தான் என்றால், உன்னை மறந்திருக்க மாட்டார். உன் பெயரைச் சொல்லிவிட்டு நிற்பேன்.