தைத்து மூடிய பன்னிரண்டு பக்கங்கள்

இந்தத் தையல் என்னுடையதல்ல.

வீடு மாறப்போகிற மகள் தன் பழைய பள்ளிக்கூடப் புத்தகங்களைப் பெட்டியில் கொண்டுவந்து என் வீட்டில் இறக்கினாள். வேண்டாததை எறியச் சொன்னாள். தூசி தட்டும்போது அந்த ஜப்பானிய நாவல் கையில் வந்தது. இத்தாலிய மொழிபெயர்ப்பு. அவளுடைய பதினாறு வயதில், கோடை விடுமுறையில் வாசித்துவர ஆசிரியை கொடுத்த பட்டியலில் இருந்தது. நடுவே ஏழு தாள்கள் ஒன்றாகத் தைக்கப்பட்டிருந்தன. உள்ளே பன்னிரண்டு பக்கங்கள் மறைந்திருந்தன.

அன்று முதலில் தைத்தவள் நான்தான். ஆனால் என் தையல் அரிசிமணி போல ஒரே அளவாக இருக்கும், முடிச்சு வெளியே தெரியாது. இதில் ஒன்று நீளம், ஒன்று குட்டை, கடைசியில் இரட்டை முடிச்சு. அந்த முடிச்சை எங்கே கண்டேன் என்று நெடுநேரம் யோசிக்கவில்லை. சிநேகிதி, அது உம்முடைய முடிச்சு; மொண்டெல்லோ உணவகத்துச் சமையலறையில், கணவாய் மீனின் வயிற்றில் பாண்தூள் அடைத்து அதன் வாயை நீர் தைக்கிற முடிச்சு.

நீர் கண்ணை மூடி மூன்று மாதமாகிறது. இனி உம்மேல் கோபப்பட ஒன்றும் மிச்சமில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

ஊரில் நான் படித்த கான்வென்ட் நூலகத்தில் மாணவிகள் வாசிக்கக்கூடாத பக்கங்களைச் சிஸ்டர் அப்படித்தான் தைத்து வைப்பார். கிழித்தால் புத்தகம் பாழாகிவிடும் என்பார். மகள் அந்த நாவலைக் கொண்டுவந்த கோடையில் நானும் அகராதியோடு அதைப் புரட்டினேன். கடலோர ஊரிலிருந்து நகரத்துக்குப் படிக்க வந்த ஒரு பையன் வளர்ந்து ஆளாகிற கதை. பொதுக் குளியல்கூடம் நடத்துகிற நாற்பத்தைந்து வயதுப் பெண்ணொருத்தி அவன் முன்னால் உடுப்பைக் கழற்றுகிற இடம் வந்தது. அதற்குமேல் நான் வாசிக்கவில்லை. அவள் மறுபடி உடுத்துகிற பக்கத்தைத் தேடிப் பிடித்து, ஊசியை எடுத்தேன்.

உம்மிடம் சொன்னபோது கண்ணில் நீர் வரச் சிரித்தீர். கபோ சந்தைக்கு மேலே இருந்த உம் வீட்டு யன்னலால் கீழே கைகாட்டி, "சிஸ்டர், அங்கை மீன்காரன்ரை மேசையிலை கணவாய் உடுப்பில்லாமல் கிடக்குது. ஊசி கொண்டு வாறியளோ?" என்றீர். அன்றிலிருந்து நான் உமக்குச் சிஸ்டர்தான்.

அந்தக் கோடையில் நான் காலையில் ஒரு சிஞ்ஞோராவை, வயதான இத்தாலிய அம்மா ஒருவரை, பராமரிக்கப் போவேன். உமக்கு மாலையில்தான் உணவக வேலை, திங்கட்கிழமை விடுமுறை. மகளை உம் வீட்டில் விட்டுப்போவேன். ஒருநாள் வேலை சீக்கிரம் முடிந்து, உம் படியேறி வரும்போது அவளுடைய குரல் கேட்டது. இத்தாலிய மொழியில் வாசித்த நாவலை உமக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். நீர் இறால் உரித்தபடி, பிறகென்ன, பிறகென்ன என்று கேட்டுக்கொண்டிருந்தீர். என்னோடு சேர்ந்தாற்போல் நாலு வசனம் கதைக்காத பிள்ளை. நான் உள்ளே வந்ததும் கதை நின்றது.

நீர் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். நான் ஆங்கில இலக்கியத்துக்குப் பரிசு வாங்கியவள். பொறாமை என்ற சொல்லை அப்போது நான் பாவிக்கவில்லை. உமக்குப் பிள்ளையில்லை, அதனால்தான் ஊரார் பிள்ளைக்கு இடங்கொடுக்கிறீர் என்று இவரிடம் சொன்னேன். இவர் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். உமக்குப் பிள்ளையில்லை என்பதை எவ்வளவு காலம் எனக்கு ஆறுதலாக வைத்திருந்தேன் என்பதை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

பல்கலைக்கழகத்தில் மகள் தன் ஆய்வுக்கு அதே நாவலை எடுத்தாள். அதில் வரும் பெண்களைப் பற்றி எழுதப்போவதாகச் சொன்னாள். என் வீட்டு மேசையில் நீரும் இருந்தீர். நான் விடவில்லை. "அதிலை பொம்பிளையள் எங்கை வாய் திறக்கினம்? காத்திருக்க ஒருத்தி, சாக ஒருத்தி, ஊறுகாய் அனுப்பத் தாய். எல்லாரும் அந்தப் பெடியன் ஏறிப்போற படிக்கட்டு. இதிலை நீ எதை எழுதப்போறாய்?" என்றேன். மகள் உம்மைப் பார்த்தாள். நீர் அவளைப் பார்த்தீர். பிறகு எனக்குத் தேநீர் ஊற்றினீர்.

அந்தப் பார்வை எனக்குள் முள்ளாகக் கிடந்தது. பட்டம் வாங்கிய அன்று, இங்கே இத்தாலியில் வழக்கமாக வைக்கும் பச்சை இலைக் கிரீடத்தைத் தன் தலையிலிருந்து கழற்றி முதலில் உம் தலையில் வைத்துத்தான் அவள் படம் எடுத்தாள். நான் பட்டுச்சேலையோடு உங்கள் இரண்டு பேரின் கைப்பைகளையும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இப்போது நூலை வெட்டி அந்தப் பக்கங்களை வாசித்தேன். உடுப்புக் கழற்றுவது நாலு வரி. மிச்சமெல்லாம் அவள் பேசுகிறாள். மூன்று வயது மகளைக் கணவன் வீட்டில் விட்டுவிட்டு ஏன் நகரத்துக்கு வந்தாள் என்று சொல்கிறாள். பையன் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. அந்த நாவலில் ஒரு பெண் தன் வாயால் தன் கதையைச் சொல்கிற ஒரே இடம் அதுதான். அதைத்தான் நான் தைத்து மூடினேன். மூடிவிட்டு, பெண்கள் பேசவில்லை என்று தீர்ப்பும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்த மகளிடம் வெட்டிய தையல்நூலைக் காட்டினேன். கொஞ்சம் வெட்கப்பட்டாள்.

"ஓம் அம்மா. அன்ரிதான் உங்கடை தையலைப் பிளேட்டாலை வெட்டினவா. நான் வாசிச்சு முடிய அவாவே திருப்பித் தைச்சவா. அம்மா கண்டால் மனம் நோவா எண்டு சொன்னவா. அண்டைக்கு மேசையிலை நான் சொல்ல வாயெடுத்தனான். அன்ரி கண்ணைக் காட்டினவா."

என் பிள்ளையைத்தான் எடுத்துக்கொண்டீர் என்று இருந்தேன். எனக்காக இரக்கப்படுவதிலும் நீரே முந்திக்கொண்டீர். அது இன்னும் எரிகிறது.

"அன்ரிக்குச் சொன்ன மாதிரி எனக்கும் அந்தக் கதையைச் சொல்லு."

"இப்ப நீங்களே வாசிச்சிட்டியள் தானே?"

"வாசிச்சது வேறை."

அவள் யோசித்தாள். "நடுவிலை ஒண்டும் சொல்லமாட்டியளோ?"

மாட்டேன் என்றேன். அவள் தொடங்கினாள். குழந்தையை விட்டு அந்தப் பெண் படலையைத் திறக்கிற இடத்தில், எந்தத் தாய் இப்படிச் செய்வாள் என்ற சொல் என் பல்வரைக்கும் வந்தது. தேநீரோடு விழுங்கினேன். மகள் என் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே சொன்னாள்.

குளியல்கூடம் பூட்டியிருக்கும் திங்கட்கிழமைகளில் அந்தப் பெண் தனியே ஒரு சின்ன வாளித் தண்ணீர் சூடாக்குவாளாம். முழங்கையை விட்டுப் பதம் பார்ப்பாளாம். குழந்தை பொறுக்கிற சூடுதான் என்று தெரிந்ததும், அதை அப்படியே வாய்க்காலில் ஊற்றிவிடுவாளாம்.

அது புத்தகத்தில் இல்லை. வரிவரியாக வாசித்த எனக்குத் தெரியும். முழங்கையால் பதம் பார்ப்பது எங்கள் பெண்களின் பழக்கம். அந்த இடத்தை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது யார் என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் தேவையில்லை. உணவக வேலை இல்லாத எத்தனை திங்கட்கிழமைகளில், பிள்ளையில்லாத வீட்டில் நீர் அப்படிச் செய்தீரோ, எனக்குத் தெரியாது. பொறாமை போய்விட்டது என்று பொய் எழுதமாட்டேன். ஆனால் அந்த வாளித் தண்ணீரை என்னால் எங்கும் இறக்கிவைக்க முடியவில்லை.