எல்பே ஆற்றுக்கு அடியில் ஒரு மணி நேரம்

ஹம்பர்க், 2 மார்ச் 1987

அன்புள்ள தம்பி ஹவுக்கே,

அம்மாவின் அடக்கத்துக்கு நீ வராமல் போய் ஆறு ஆண்டாகிறது. அதைப் பேசித் தீர்க்க என் வீட்டுக்கு நீ வரமாட்டாய். ஆற்றைக் கடந்து உன் வாசலில் வந்து நிற்க எனக்கும் மனமில்லை. ஆற்றுக்கு அடியில் போகும் பழைய சுரங்கச் சாலையில் சந்திப்போம். சனிக்கிழமை காலை பதினொரு மணி, நட்டநடுவில். இருவருக்கும் சரிபாதி நடை. அங்கே நாம் கத்தினாலும் அக்கம்பக்கத்தார் காதில் விழாது.

வராவிட்டால் இனி எழுதமாட்டேன்.

வீப்கெ

7 மார்ச்

ஹவுக்கே,

ஒரு மணி நேரம் நின்றேன். கார்கள் முழங்கையை உரசுகிற மாதிரி போயின. சைக்கிளில் வந்த துறைமுகத் தொழிலாளி ஒருவன், "என்னக்கா, பஸ்ஸுக்கா நிக்கிறீங்க? இங்க ஒண்ணும் வராது!" என்று சிரித்துக்கொண்டே போனான்.

சரியாகத்தான் சொன்னான்.

வீ.

10 மார்ச்

அக்கா,

நானும் நின்றேன். பத்தே முக்காலிலிருந்து பன்னிரண்டரை வரை. நீதான் வரவில்லை என்று நினைத்து, உனக்கு ஒரு கோபக் கடிதமும் எழுதி வைத்திருந்தேன். உன்னுடையது முந்திக்கொண்டது.

இன்று, ஆட்களையும் வண்டிகளையும் சுரங்கத்துக்குள் இறக்கிவிடும் எங்கள் கரை லிஃப்ட்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏம்ப்பா, சுரங்கத்துல குழாய் ரெண்டு இருக்கே! அங்கேருந்து வண்டி வர்ற குழாயில அவங்க நடந்திருப்பாங்க, இங்கேருந்து போற குழாயில நீ. நடுவுல ஒரு சுவரு. நல்ல அக்கா, நல்ல தம்பி!"

என் கடிதத்தைக் கிழித்துவிட்டேன்.

ஹவுக்கே

12 மார்ச்

அன்புள்ள ஹவுக்கே,

உன் கடிதத்தை மாடிப்படியிலேயே பிரித்தேன். படித்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கீழ்வீட்டு லோமான் அம்மாள், "யாராச்சும் செத்துட்டாங்களா?" என்றாள். "இல்ல, என் தம்பி வந்திருக்கான்" என்றேன். அவள் உன்னைத் தேடிப் படியெல்லாம் பார்த்தாள்.

குழாய் இரண்டு என்பது எனக்குத் தெரியாததா? சிறு வயதிலிருந்து நடந்த வழி. ஆனால், நீ வரவில்லை என்று நம்ப எனக்கு ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது. மீதி நேரம் முழுக்க உன்னைத் திட்டிக்கொண்டுதான் நின்றேன். பக்கத்துக் குழாயில் போய்ப் பார்க்கத் தோன்றவில்லை.

அம்மாவை அடக்கம் செய்த அன்று ஏன் வரவில்லை என்றும் உன்னை நான் கேட்டதில்லை. தீர்ப்பு மட்டும்தான் சொன்னேன்.

இந்தச் சனிக்கிழமை கேட்கிறேன். நீ சுரங்கத்துக்குள் இறங்க வேண்டாம். முழுத் தூரமும் நான் நடக்கிறேன். உன் கரை லிஃப்ட் வாசலில் நில். எந்தக் குழாயில் வந்தாலும் நான் அங்கேதான் மேலே வந்தாக வேண்டும்.

பசியோடு வருவேன்.

உன் அக்கா