முதுகைத் திருப்பி நின்று கற்றது

அக்கா,

இன்று காலை பூரி மசாலாவுக்கு உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு வில்லை விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஈரமாக, ஜில்லென்று இருந்தது. அதைப் பாத்திரத்தில் போடாமல் அப்படியே நின்றுவிட்டேன். "உருளைக்கிழங்கு பொரியலுக்கு. கண்ணுக்கு ஆஸ்பத்திரி" என்று நீங்கள் அதட்டியது நேற்று நடந்ததுபோல் காதில் விழுந்தது. நீங்கள் இறந்துபோய் ஒரு மழைக்காலம் முழுதாகக் கடந்துவிட்டது. இருந்தாலும் உங்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று மிச்சம் இருக்கிறது.

நம் தொழிற்பயிற்சி நிலையத்தில் நீங்கள் வெல்டிங் பிரிவின் பயிற்றுநர். நான் பட்டறைக் கணக்கும் வரைபடமும் நடத்தினேன். உங்கள் பட்டறைக்கும் என் வகுப்புக்கும் நடுவே ஒரு சுவர்தான். உங்கள் பக்கம் சுத்தியல் விழுந்தால் என் பக்கம் கரும்பலகை முக்கோணங்கள் நடுங்கும். "சத்தம் ஜாஸ்தியா இருக்குக்கா" என்று நான் வந்து நிற்பேன். "உன் கணக்கு எங்களுக்குத் தொந்தரவா இருக்குன்னு நாங்க என்னைக்காவது சொன்னோமா?" என்பீர்கள். மாணவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டுத் திரும்பி வருவேன்.

வசந்தி சேர்ந்த நாள் உங்களுக்கு மறந்திருக்காது. அடி அண்ணாமலையிலிருந்து மாமியாரோடு வந்திருந்தாள். முப்பது வயதைத் தாண்டியவள், மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். லாரி ஓட்டிய கணவன் முதுகெலும்பில் அடிபட்டு வீட்டோடு கிடந்தான். பௌர்ணமி தோறும் கிரிவலப் பாதையில் மாமியாரும் மருமகளும் வடைக்கடை போடுவார்கள். மற்ற நாட்களில் கிடைத்த வேலை. ஒரு வருடம் படிக்க வீட்டில் விட்டிருந்தார்கள். அந்த ஒன்று தவறினால் இன்னொரு வருடம் கிடையாது.

"தையல்ல இடம் இருக்குதுங்களா?" என்று மாமியார்தான் கேட்டார்.

"இருக்குது பெரியம்மா. உங்க தெருவுல எத்தனை பேரு தைக்கறாங்க?"

"அது கெடக்குது, வீட்டுக்கு வீடு மிஷினு."

"வெல்டிங் பண்ற பொம்பளைங்க?"

"நல்லா கேட்டீங்க போங்க. பொம்பளை எங்கயாவது இரும்பு காய்ச்சுவாளா?"

நீங்கள் சட்டைக் கையை மடக்கி முழங்கையை நீட்டினீர்கள். பொறி தெறித்த புள்ளிகள், அம்மைத் தழும்புபோல். மாமியார் முகத்தைச் சுளித்தார். வசந்தி அந்தத் தழும்புகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு இதையே போடுங்க மேடம்" என்றாள். உங்கள் பிரிவில் சேர்ந்த முதல் பெண் அவள்.

வெல்டிங்கில் புதிதாக வருபவர்கள் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. முகமூடியின் கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், கையிலுள்ள வெல்டிங் குச்சி இரும்புத் தகட்டைத் தொட்டு வெளிச்சம் வரும்வரை எதுவுமே தெரியாது. கரண்டு போன வீட்டில் தீப்பெட்டி தேடுவது போலத்தான். அதனால் முதலில் குச்சியைத் தொட்டுவிட்டு, பிறகு முகமூடியை இறக்குவார்கள். இடையில் ஒரு கணம் வெறும் கண் அந்த ஒளியைப் பார்த்துவிடும். அப்போது ஒன்றும் தெரியாது. வீட்டுக்குப் போன பிறகுதான் கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டதுபோல் எரியும்.

வசந்தியும் அதைத்தான் செய்தாள். மறுநாள் காலை மாமியார் அவளைக் கையைப் பிடித்து அழைத்துவந்தார். இரண்டு கண்ணிலும் உருளைக்கிழங்கு வில்லை வைத்து ஈரத்துணி கட்டியிருந்தது.

"டி.சி. குடுத்துடுங்க. ஏற்கெனவே வீட்ல ஒருத்தன் படுத்துக்கினு இருக்கறான். இவளும் குருடாயிட்டா நான் யாருக்குன்னு பாப்பேன்?"

அப்போதுதான் அந்த அதட்டல். துணியை அவிழ்த்து, வில்லையை எடுத்து, நீங்களே ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனீர்கள். சொட்டு மருந்து கொடுத்தார்கள். சரியாகிவிடும், இனி முகமூடி இல்லாமல் பார்க்கவே கூடாது என்றார் மருத்துவர். அவர் சொன்னபடியே சரியானது. ஆனாலும் மாமியார் டி.சி.யை விடவில்லை. வாசலில் நின்று நீங்கள் கேட்டீர்கள்:

"ஒரு வாரம் குடுங்க பெரியம்மா. நம்பிக்கை இல்லன்னா நீங்களும் கூட வந்து உட்காருங்க."

"ஆமா, எனக்கு வேற பொழப்பு இல்ல பாரு" என்றார். மறுநாள் தூக்குப் போசியில் சோற்றோடு வந்து உட்கார்ந்தார்.

அந்த வாரத்தில்தான் உண்மையான சிக்கல் தெரிந்தது. கண் ஆறிவிட்டது, பயம் ஆறவில்லை. முகமூடியைச் சரியாக இறக்கிக்கொண்ட பிறகும், ஒளி எழும்பியதும் வசந்தி உள்ளே கண்ணை இறுக மூடிக்கொண்டாள். குச்சி தகட்டில் ஒட்டிக்கொள்ளும். பிடுங்குவாள். மறுபடி ஒட்டும். என் வகுப்பிலும் இதைப் பார்த்திருக்கிறேன். ஒரு முறை கணக்குத் தப்பாகிவிட்டால் சிலர் அடுத்த கணக்கைப் பார்க்கும் முன்பே பேனாவை மூடிவிடுவார்கள். நான் அவர்களிடம் "பாரு, நல்லாப் பாரு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நீங்கள் பார்க்கச் சொல்லவில்லை. அவளிடமிருந்து முகமூடியை வாங்கி ஆணியில் மாட்டினீர்கள். ஒளியை மறைக்கும் திரைக்கு இந்தப் பக்கம், சுவரைப் பார்த்து அவளைத் திருப்பி நிறுத்தினீர்கள். நீங்களும் அவள் பக்கத்தில் முதுகைத் திருப்பி நின்றீர்கள். பின்னால் மற்ற மாணவர்கள் ஆளுக்கொரு தடுப்புக்குள் நின்று வெல்டிங் செய்துகொண்டிருந்தார்கள்.

"பாக்காத. கேளு. என்னா கேக்குது?"

"சத்தம்தான் மேடம்."

"என்னா சத்தம்?"

வசந்தி காதைத் தீட்டிக்கொண்டாள். பிறகு, "வடை போடற மாதிரி" என்றாள், ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டவள்போல.

உங்கள் முகம் மலர்ந்தது. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். "அப்ப இதுல எவன் வடை நல்லா வேவுது, சொல்லு" என்றீர்கள்.

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். முதல் தடுப்பில் எண்ணெய் காயவில்லை என்றாள். அங்கே மிஷினில் கரண்டு கம்மியாக வைத்திருந்தது. அடுத்ததில் எண்ணெயில் தண்ணீர் தெளித்ததுபோல் வெடிக்கிறது என்றாள். அந்தப் பையன் குச்சியைத் தகட்டிலிருந்து எட்டப் பிடித்திருந்தான். மூன்றாவதில், "இது சரியா இருக்குது மேடம், சீரா பொரியுது" என்றாள். நீங்கள் திரும்பாமலேயே பெயர் சொல்லி முதல் இரண்டு பேரையும் திருத்தினீர்கள். அப்போது மூலையிலிருந்து மாமியாரின் குரல்: "தோ, கடைசில ஒருத்தன் கருக்கறான் பாரு, அவன்கிட்டயும் சொல்லு!" பட்டறையே சிரித்தது. கடைசித் தடுப்பில் இருந்த பையன் முகமூடியைத் தூக்கிவிட்டு, "ஆயா, நீங்களும் சேந்துடுங்க" என்றான். "உன் வடைய எவன் துண்ணுவான், மொதல்ல அதப் பாரு" என்றார் அவர்.

மறுநாளும் அதே. அதற்கு அடுத்த நாளும். மூன்றாம் ஆள் யாராவது வந்திருந்தால், இரண்டு பெண்கள் சுவரைப் பார்த்து நிற்பதைக் கண்டு ஏதோ தண்டனை என்றுதான் நினைத்திருப்பார்கள். முதல்வர்கூடக் கேட்டார், "என்னங்க, ஏன் நிக்க வெச்சிருக்கீங்க?" என்று. "நான்தான் சார் கூட நிக்கறேன்" என்றீர்கள். வாரம் முடியும் முன்பு ஒரு மத்தியானம் வசந்தி, யாரும் சொல்லாமலே, ஆணியிலிருந்து முகமூடியை எடுத்தாள். தலையில் மாட்டி, முழுதாக இறக்கினாள். உள்ளே கண்ணைத் திறந்தாளா மூடினாளா என்று நமக்குத் தெரியாது. சத்தம் மட்டும் வந்தது. முதலில் வெடித்தது, பிறகு ஒட்டியது, பிறகு கொஞ்ச தூரம் சீராகப் பொரிந்தது. நீங்கள் அப்போதும் திரும்பவில்லை. பக்கத்தில் வந்து நின்றிருந்த என் கையை மட்டும் அழுத்திப் பிடித்தீர்கள்.

தேர்வன்று அவள் ஒட்டிய தகட்டை வைஸ் இடுக்கியில் பிடித்து வளைத்தார்கள். மடங்கியது, பிளக்கவில்லை. டி.சி. பேச்சு அதற்கு வெகுநாள் முன்பே நின்றுபோயிருந்தது. இப்போது அவள் செங்கம் சாலையில் ஒரு பட்டறையில் மூத்த ஆட்களில் ஒருத்தி. புதிய விடுதிகளின் மாடிப்படிக் கைப்பிடிகளில் பாதி அவள் வேலை.

பிறகு ஒருநாள் டீ குடிக்கும்போது உங்களைக் கேட்டேன், அந்த யோசனை எப்படி வந்தது என்று. "பயந்தவங்கள பாருன்னா எப்படிப் பாப்பாங்க? காதுக்கு அந்தப் பயம் இல்ல" என்றீர்கள். நீங்கள் சேர்ந்த காலத்தில் உங்களுக்கு யாரும் பக்கத்தில் நின்று சொல்லவில்லை, தனியாகக் கேட்டுக் கேட்டுத்தான் பழகினீர்கள் என்றும் சொன்னீர்கள். பிறகு டம்ளரைக் கழுவப் போய்விட்டீர்கள்.

இப்போது சொல்ல வந்தது இதுதான். உங்கள் இடத்துக்கு ஒரு இளைஞர் வந்திருக்கிறார். நல்ல பிள்ளை, வேலை சுத்தம். இந்த வருடம் மூன்று பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள். ஒரு பெண் கண் எரிந்து, ஆறி, திரும்பி வந்தும் தடுப்புக்குள் போக மறுக்கிறாள். "தையலுக்கு மாத்திடலாம் மேடம். பொண்ணுங்க ஒரு தடவை பட்டா அவ்வளவுதான்" என்றார் அவர், நான் நிலையத்தை எட்டிப் பார்க்கப் போன அன்று. என் ஓய்வு காலத்தில் யாரோடும் வாதாடுவதில்லை என்று வைத்திருந்தேன். அன்று வாதாடினேன். கடைசியில், "தம்பி, மத்தியானத்துல ஒரு மணி நேரம் எனக்கு அனுமதி வாங்கிக் குடுங்க, போதும்" என்றேன்.

வேங்கிக்காலிலிருந்து பஸ் பிடித்துப் போகிறேன். முட்டி வலிக்கிறது, இருந்தாலும் அந்தப் பெண்ணோடு சுவரைப் பார்த்து நிற்கிறேன். அக்கா, எனக்கு வெல்டிங் தெரியாது. இத்தனை வருடம் சுவருக்கு அடுத்த பக்கம் இருந்தும் ஒரு குச்சியைக் கையில் பிடித்ததில்லை. அந்தப் பெண் கேட்டாள், "உங்களுக்கு எப்படி மேடம் தெரியும், எது சரி, எது தப்புன்னு?" ஒருவர் கேட்கக் கற்றுக்கொடுத்தார் என்றேன். வசந்தியின் வடையைச் சொல்லிப் பார்த்தேன். அவளுக்கு அது பிடிபடவில்லை. விடுதியில் வளர்ந்தவள், அடுப்புப் பக்கமே போனதில்லையாம். நானும் அவசரப்படுத்தவில்லை. நேற்று அவளாகவே, "தகரக் கூரைல மழை பெய்யற மாதிரி இருக்கு மேடம். அந்த ரெண்டாவது ஆளோடது மட்டும் விட்டு விட்டு பெய்யுது" என்றாள்.

ரெண்டாவது ஆளை அந்தத் தம்பி போய்ப் பார்த்தார். அவள் சொன்னது சரி.

இன்னும் அவள் முகமூடியைத் தொடவில்லை. நாளைக்கும் போவேன். அதற்கு அடுத்த நாளும். அவள் திரும்பும்வரை நானும் சுவரைப் பார்த்தே நிற்பேன்.