லட்டு கொடுக்கப் போன விரல்

மாமா,

பிரசவ லீவுப் பணம் வந்துவிட்டது! உடனே போன் போட்டேன், நீங்கள் எடுக்கவில்லை. ஆலைச் சத்தமா, இன்னும் என் மேல் கோபமா தெரியவில்லை.

சோறு அடுப்பு மேல் இருக்கிறது. கருவாட்டுக் குழம்பைச் சுட வைத்துக்கொள்ளுங்கள்.

பாப்பா பிறந்ததற்கு லட்டு கொடுக்கப் போனவள், பழக்க தோஷத்தில் கம்பெனி கேட்டில் வருகைப் பதிவு மிஷினில் விரலை வைத்தது தப்புதான். "லீவுல இருந்துகினு வேலைக்கும் வந்துகீறியேம்மா" என்று ஆபீசில் பணத்தை நிறுத்திவிட்டார்கள். நீங்களும் "உன் வெரலுக்கு இன்னா அவ்ளோ அவசரம்?" என்று கத்தினீர்கள். லட்டு வாங்கிக் கொடுத்து அனுப்பியதே நீங்கள்தான்.

கடைசியில் சூப்பர்வைசர் விஜயலட்சுமி அக்காதான், "கைக்குழந்தையோட வந்து லட்டு குடுத்துட்டுப் போயிட்டா, வேலை செய்யல" என்று எழுதிக் கொடுத்துக் காப்பாற்றினார். அவருக்கு லட்டு கொடுக்கத்தான் இப்போது கம்பெனிக்குப் போக உளுந்தூர்பேட்டை பஸ் ஏறுகிறேன். பயப்படாதீர்கள். ஒரு கையில் பாப்பா, ஒரு கையில் லட்டு, மிஷினுக்குக் கை மிச்சமில்லை.

ரெஜினா

உங்களுக்கு நாலு லட்டு டப்பாவில் இருக்கிறது.

இன்னொன்று: லட்டைக் கொடுத்த பிறகு ஒரு கை காலியாகிவிடும். சாப்பிட்டதும் வண்டியை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வாங்க. நீங்கள் திட்டித் தீர்த்த விரலை நீங்களே வந்து பிடித்துக்கொள்ளுங்கள்.