தண்ணீர் தெளித்த மூட்டை

மரக்காணம்
18-4-75

அன்பு மகன் மதலைமுத்துவுக்கு அம்மா எழுதுவது. தேவமாதா தயவில் நாங்கள் சுகம், பிலாயில் நீயும் மருமகளும் பேத்தியும் சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன். சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர, உடம்புதான் சுகம், வீடு சரியில்லை. அப்பா வழக்கம்போல உப்பளத்துக்குப் போய் வருகிறார். உப்புத்தண்ணீரில் நின்று நின்று காலெல்லாம் வெடிப்பு, விளக்கெண்ணெய் தடவச் சொன்னால் என்மேல் எரிந்து விழுகிறார். இந்த மூன்று நாளாக அந்த எரிச்சல்கூட இல்லை, என்னோடு பேச்சே இல்லை. ஏன் என்று சொல்கிறேன், பதறாமல் படி.

இந்த வருஷம் கொல்லை மல்லாட்டையை (அங்கே ரயிலடியில் வேர்க்கடலையை வறுத்து மூங்பலி என்று விற்கிறான் என்று எழுதினாயே, அதேதான்) மண்டிக்குப் போடாமல் டவுன் கமிட்டிக்குக் கொண்டுபோவதாக எழுதியிருந்தேன் அல்லவா. கமிட்டி என்றால் சர்க்கார் விற்பனைக்கூடம். பல வியாபாரிகள் வந்து காயைப் பார்த்து ஆளுக்கொரு சீட்டில் விலை எழுதிப் போடுவார்கள், அதிகம் எழுதினவருக்குச் சரக்கு. மண்டிக்காரர் ஒருத்தர் வைத்ததே விலை என்கிற கதை அங்கே கிடையாது. ஆனால் ஒன்றிரண்டு மூட்டையோடு போனால் எந்த வியாபாரியும் திரும்பிப் பார்ப்பதில்லை, குவியல் பெரிதாக இருந்தால்தான் கிட்டே வருகிறான். அதனால் அப்பா வீடு வீடாக ஏறி இறங்கி, காணிக்கும் குறைவாகப் பயிர் வைத்தவர்களை எல்லாம் ஒன்று சேர்த்து, அத்தனை பேர் காயையும் ஒரே குவியலாகப் போடுவதென்று பேசி முடித்தார். புருஷன் இல்லாமல் உப்பளக் கூலியில் காலம் தள்ளும் பாப்பாத்தி அத்தையும் துண்டு நிலத்துக் காயை மூட்டை கட்டிக்கொண்டு வந்தாள். அன்றைக்கு அப்பா முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும், கல்யாண மாப்பிள்ளை கெட்டான்.

கமிட்டியில் குவியல் போடுமுன் மூட்டைக்கு மூட்டை கைவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒரு மூட்டையில் கை நனைந்திருக்கிறது. அது பாப்பாத்தியுடையது. மற்றதெல்லாம் சலசலவென்று காய்ந்த காய்தான், ஆனால் ஒன்று ஈரம் என்றதும் வியாபாரிகள் எதையுமே நம்பவில்லை, ஒருத்தரும் சீட்டுப் போடவில்லை. வண்டி அப்படியே திரும்பி வந்தது. நான் அவளைக் கேட்டதற்கு, விற்கப் போற காய்க்குத் தண்ணி தெளிக்காம யாருன்னா அனுப்புவாங்களா அக்கா, என்று என்னையே கேட்கிறாள். அவளிடம் கள்ளம் இல்லை. மண்டிக்காரர் காயைக் கையில் எடுக்குமுன்னே ஈரம் என்று எடையில் கழிப்பாரே, எப்படியும் கழிக்கிறார், எடையாவது ஏறட்டும் என்று ஊரே தண்ணீர் தெளித்துத்தானே பழகியது. கமிட்டியில் அது ஆகாது என்று அவளுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருக்கும் என்று அப்பாவும் விட்டுவிட்டார்.

அதிக மூட்டை போட்ட கலியபெருமாள் இப்போது, சில்லறை மூட்டைங்களாலதான் இந்தத் தொல்ல, அவள வுட்டுட்டுப் போலாம்ணா, என்கிறான். மற்றவர்களும் தலையாட்டுகிறார்கள். இன்றைக்கு அவளை விட்டால் நாளைக்கு அவளுக்கு அடுத்த சின்ன மூட்டையை விடுவார்கள், நம்முடையது அதற்குப் பெரிய தூரமில்லை. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உப்பளத்துக்குப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை அவள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மண்டிக்குக் கிளம்பிவிட்டாள். நான் மறித்து இறக்கி, களத்தில் கொட்டி, வெயிலில் பரப்பிக் கிளறி, காயை ஆட்டினால் உள்ளே பருப்பு குலுங்குகிற மட்டும் காய வைத்தேன். பிறகு பக்கத்தில் கிடந்த நம்ம காயோடு சேர்த்து இழுத்துக் கலந்துவிட்டேன். உப்பளத்திலிருந்து வந்த அப்பா, இன்னா பண்ணி வச்சிருக்க மேரி, என்றார். பிரிக்க முடிஞ்சா பிரிச்சி எடுத்துக்கோங்க, என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தவர்தான், இன்னும் பேசவில்லை.

அப்படியானால் உங்க காயே வேணாம் என்று கலியபெருமாள் சொல்லிவிட்டானாம். அடுத்த வாரம் வண்டி போகும்போது யார் ஏற்றுவார்கள், யார் மண்டிக்குத் திரும்புவார்கள் என்று தெரியவில்லை. அப்பா நடையாய் நடந்து சேர்த்த கூட்டத்தை நானே கலைத்துவிட்டேனோ என்று பயமாயிருக்கிறது கண்ணு. ஆனாலும் அவளைத் தலைச்சுமையோடு அனுப்பிவிட்டு வீட்டுக்குள் போய் உலை வைக்க என்னால் ஆகியிருக்காது.

நேரத்துக்குச் சாப்பிடு, உலைக்கூடத்து வெக்கையில் மோர் குடி, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல் தூங்காதே. ஆண்டவர் உங்கள் மூவரையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும். மறக்காமல் உடனே பதில் போடு. எனக்குப் பரிந்து ஒரு வார்த்தையும் எழுத வேண்டாம், அப்பாவுக்குக் கோபம்தான் ஏறும். பாப்பாத்தி அத்தை மல்லாட்டை போட்டாளா, நல்ல விலை வந்ததா என்று மட்டும் கேள். உன் கடிதத்தைச் சத்தமாகப் படிக்கிறவர் அவர்தான். அந்த வரிக்கு என்ன பதில் எழுதுவது என்று அவரே என்னைக் கேட்கட்டும்.

இப்படிக்கு
உன் அம்மா
லூர்துமேரி