மரை போட்ட குழல்

லேத் பட்டறைக்கென்று ஒரு வாசனை உண்டு. இரும்பை வெட்டும்போது மேலே ஊற்றுவார்களே, பால்போல வெளுத்த எண்ணெய்த் தண்ணீர், அது சூட்டில் பட்டு எழும் வாசனை. போன வாரம் ஸ்கூட்டர் ஸ்டாண்டின் போல்ட் தேய்ந்துபோனதால் கடலூர் முதுநகரில் ஒரு பட்டறை வாசலில் நின்றேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும், "பாத்தியாடி, இன்னும் அதே நாத்தம்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பட்டறைக்காரர் நிமிர்ந்து, "என்னையா மேடம்?" என்றார். அவரை இல்லை. உன்னைத்தான்.

நீ போய் இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது. இது அழுதுகொண்டு எழுதும் மடல் இல்லை. அழுதால் உனக்குப் பிடிக்காது. உனக்குச் சொல்ல ஒரு சேதி இருக்கிறது. அதற்கு முன்னால், நடந்ததையெல்லாம் ஒருமுறை வரிசையாகச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்.

சிதம்பரத்தில் கல்லூரியில் படித்தபோது, காக்கி உடுப்புப் போட்டுக்கொண்டு ஒரு முகாமில் நாம் முதன்முதலாகத் துப்பாக்கி தொட்டோம். அப்புறம் எனக்குத் தபால் ஆபீஸ், உனக்குத் தையல் கடை. இருவருக்கும் கல்யாணம், பிள்ளைகள். கடலூரில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் இருந்த பழைய குடோனில் ரைஃபிள் கிளப் தொடங்கியிருக்கிறார்கள் என்று நான்தான் உனக்குப் போன் செய்தேன். இருவருமே சேர்ந்தோம். மறுமாதமே நீ யாரிடமோ பழைய ஏர் ரைஃபிள் ஒன்றை வாங்கிவிட்டாய். ஞாயிறுதோறும் அதை நீளப் பையில் போட்டுக்கொண்டு சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி வந்தாய். கண்டக்டர் ஒருவர், "என்னம்மா இது, வீணையா?" என்று கேட்டிருக்கிறார். "துப்பாக்கி. கடலூருக்கு ஒரு டிக்கெட் குடுங்க" என்றாயாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். முக்காடு நழுவுவதுகூடத் தெரியாமல் சிரிப்பாய் நீ.

நாற்பத்தைந்தைத் தாண்டியதும் உன் கண் மாறியது. ஊசியில் நூல் கோக்கக் கண்ணாடி வேண்டும். அந்தக் கண்ணாடியோடு துப்பாக்கியைப் பிடித்தால் எதிரே இருக்கும் குறி அட்டை மங்கல். கழற்றினால் குழல் முனையில் இருக்கும் முன்குறி மங்கல். அடிக்கடி குறி தவறியது. கிளப் செக்ரட்டரி ஒருநாள் உன் அட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "வயசாச்சுன்னா இதெல்லாம் இயற்கை மேடம். சின்னப் புள்ளைங்களுக்கே நின்னு சுட லேன் பத்தல. நீங்க வேணும்னா வந்து உக்காந்து பாருங்களேன்" என்றார்.

எனக்கு முகம் சிவந்துபோனது. நீ மட்டும், "பாக்கறதுக்குத்தான் சார் கண்ணு தெரியல" என்றாய்.

அந்த வாரம் முழுவதும் கடையை மூடியபின் போனில் தேடியிருக்கிறாய். குழல் முனையில் ஒரு நீளக் குழாயை மாட்டி, முன்குறியை அதன் நுனிக்குத் தள்ளி வைத்தால் கண்ணிலிருந்து அது இன்னும் தள்ளிப்போகும், தெளிவாகத் தெரியும். வெளிநாடுகளில் பெரிய ஆட்டக்காரர்களே அப்படித்தான் செய்கிறார்கள். குழாய் கிடைத்துவிட்டது. ஆனால் அதைத் திருகி மாட்ட உன் பழைய துப்பாக்கியின் முனையில் மரை இல்லை.

"மரை போட்டாப் போச்சு" என்றாய், ரவிக்கைக்குக் கொக்கி வைப்பதுபோல.

"கொஞ்சம் கோணலா வெட்டிட்டா துப்பாக்கியே போச்சுடி" என்றேன்.

"இப்ப மட்டும் என்ன வாழுது? சும்மா கெடக்கறதுக்குக் கெட்டுப்போவட்டுமே."

சிதம்பரத்தில் மோட்டார் ஷாஃப்ட் வேலை செய்கிற பட்டறைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். பட்டறைக்காரர் பையைத் திறந்து பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார். "இது சைலன்சர் மாட்டற வேலை. எனக்கு வேணாங்க. நாளைக்கு போலீஸ் வந்தா யாரு பதில் சொல்றது?"

அவர் பயத்தில் தப்பில்லை என்று எனக்குத் தோன்றியது. உனக்கும் தோன்றியிருக்க வேண்டும். நீ சண்டை போடவில்லை. குழாயை அவர் கையில் கொடுத்தாய். "உள்ள பாருங்க அண்ணே. வெறும் குழாய். இந்தப் பக்கம் பாத்தா அந்தப் பக்கம் தெரியும். சத்தத்த அமுக்க இதுல ஒண்ணுமே இல்ல." அவர் நம்பவில்லை. கிளப்பிலிருந்து கடிதம் வாங்கி வரச் சொன்னார். செக்ரட்டரியிடம் கேட்டோம். "பேரல்ல கை வைக்கறதுக்கெல்லாம் நான் கையெழுத்துப் போட முடியாது" என்றார்.

அதற்குமேல் வழியில்லை என்று நினைத்தேன். நீ பட்டறைக்காரரை ஞாயிற்றுக்கிழமை கடலூருக்குக் கூப்பிட்டாய். அவரும் வந்தார், மனைவியோடு, ஏதோ விசேஷத்துக்கு வருவதுபோல வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு. ஒரு மணி நேரம் பின்னால் உட்கார்ந்து, நீ சுடுவதையும் தவறுவதையும் பார்த்தார். போகும்போது அவர் மனைவிதான் சொன்னார்: "செஞ்சு குடுங்க. அவுங்க என்ன ஆளையா சுடப் போறாங்க, காயிதத்தத்தான சுடறாங்க."

துபாயில் இருந்த உன் மகனுக்கும் சேதி போய்விட்டது. நீ பட்டறைக்குக் கிளம்பும் நேரத்தில் அவன் போன் வந்தது. "உம்மா, இந்த வயசுல இதெல்லாம் தேவையா? ஊர்ல சிரிக்கறாங்க." நீ சொன்ன பதில் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது: "சிரிக்கட்டும் வாப்பா. நா ஒண்ணும் திருடல. ராத்திரிக்கு என்ன சாப்ட்ட?"

பட்டறைக்காரர் குழலைத் தனியே கழற்றி லேத்தில் பூட்டினார். அதன் துளை நடுவில் ஓடுகிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் நெற்றியில் வியர்வை. உளி குழலின் முனையைத் தொட்டதும் எழுந்த கீச்சுச் சத்தத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். நீ மூடவில்லை. சுருள் சுருளாக இரும்பு உதிர்வதை, துணி வெட்டுவதைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

குழாய் மாட்டிய முதல் ஞாயிறு, குண்டுகளெல்லாம் இடதுபக்க ஓரத்தில் போய் விழுந்தன. பின்குறியின் திருகை எவ்வளவு திருப்பியும் குறி சரிக்கு வரவில்லை. செக்ரட்டரி எல்லோர் காதிலும் விழும்படி, "சொன்னேன்ல. நல்ல துப்பாக்கியக் கெடுத்து வெச்சாச்சு" என்றார். அன்று பஸ் ஸ்டாண்டில் உன் உதடு நடுங்கியதைப் பார்த்தேன். நீ தோற்றுவிட்டாய் என்று நான் நினைத்த ஒரே நேரம் அதுதான். பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் தலையை வெளியே நீட்டி, "காலைல மொதல் வேலையா பட்டறைதான்" என்றாய்.

மறுநாள் பட்டறைக்காரர் சோதித்துவிட்டு உனக்குக் காட்டியிருக்கிறார். "மரைல தப்பு இல்லக்கா. குழாய் வந்து ஒக்கார்ற எடம் ஒரு பக்கம் துளி ஒசந்திருக்கு. அதான் சாயுது." அதைச் சீவிச் சமன் செய்து கொடுத்தார். அடுத்த ஞாயிறு உன் அட்டையில் குண்டுகள் நடுவில் கூடின. நீ அதைச் செக்ரட்டரியிடம் காட்டவில்லை. எனக்குக் காட்டினாய். மாதா படம்போல வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

மாவட்டப் போட்டியன்று உன்னைத் தடுக்கச் செக்ரட்டரி கடைசியாக ஒருமுறை முயன்றார். துப்பாக்கியைப் பரிசோதிக்கிற மேசையில், "இது மாத்தின துப்பாக்கி. செல்லாது" என்றார். நீ விதிப் புத்தகத்தை விரித்து வைத்தாய். "இவ்ளோ நீளம்வரைக்கும் இருக்கலாம்னு போட்டிருக்கு. டேப்பு வெச்சு அளங்க." வெளியூர் நடுவர் அளந்தார். நீளம் விதிக்கு உள்ளேதான் இருந்தது. நீ சுட்டாய். மாநிலப் போட்டிக்கு வேண்டிய புள்ளி வந்தது. செக்ரட்டரி கை கொடுக்கவில்லை. நீயே அவர் கையைப் பிடிக்கப் போவதுபோலப் போய், கடைசி நிமிடத்தில் மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தாய்.

திருச்சியில் மாநிலப் போட்டியில் உனக்குக் கிடைத்தது கடைசி இடம். பக்கத்து லேனில் நின்றவளுக்கு உன் மகள் வயதுகூட இருக்காது. திரும்பும் ரயிலில் முறுக்கைக் கடித்துக்கொண்டே, "கடைசின்னு ஒரு எடம் இருந்தா, அதுல ஒருத்தி நிக்கத்தான வேணும்? நான் நின்னேன்" என்றாய்.

அதன்பிறகு நீண்ட நாள் இல்லை. ஐப்பசியில் ஒரு காலை, கடை திறக்கக் கிளம்பியவள் வாசலில் உட்கார்ந்தாய், எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள். உன்னை ஆண்கள் தூக்கிக்கொண்டு போனபோது தெருமுனைவரை வந்து நின்றேன். என் பழக்கத்தில் கை தானாகச் சிலுவை போட்டுக்கொண்டது. யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

துப்பாக்கியை விற்கலாமா என்று உன் மகன் செக்ரட்டரியிடம் கேட்டிருக்கிறான். "முனைய வெட்டின துப்பாக்கி. யாரும் வாங்க மாட்டாங்க" என்று அவர் சொன்னாராம். அவன் அதை என் வீட்டுக்கே கொண்டுவந்தான். "ஆன்ட்டி, உம்மா வேணும்னேதான் செஞ்சிருக்கும். வேற யாரும் வாங்கக் கூடாதுன்னு." சொல்லிவிட்டு என் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து அழுதான். ஊரார் சிரிக்கிறார்கள் என்று சொன்ன அதே பிள்ளை.

இனி சேதி. கிளப்பில் புதிதாக ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் புதன்கிழமை காலை மட்டும்தானாம். புதன்கிழமை காலையில் நான் தபால் ஆபீஸ் கவுன்டரில் இருப்பேன் என்று செக்ரட்டரிக்குத் தெரியும். இந்த ஞாயிறு உன் துப்பாக்கியோடு போய் லேனில் நின்றேன்.

"மேடம், நோட்டீஸ் பாக்கலையா?"

"பாத்தேன்."

"அப்பறம்?"

"அப்பறம் ஒண்ணுமில்ல. சுடப் போறேன்."

அவர் போய் விளக்கை அணைத்தார். அட்டை சாம்பல் நிறமானது. முதல் குண்டு எங்கே போனதென்றே தெரியவில்லை. இரண்டாவதை மாட்டினேன். அதற்குள் மற்ற லேன்களிலிருந்து, "சார், லைட்டு! சார், லைட்டு!" என்று சத்தம். எல்லாவற்றுக்கும் ஒரே சுவிட்ச் என்பதை மனிதர் மறந்துவிட்டார். அவரே போய்ப் போட வேண்டியதாயிற்று. நான் இறங்கவில்லை. கொண்டுபோன குண்டுகள் தீரும்வரை நின்று சுட்டுவிட்டுத்தான் வந்தேன்.

நீயாக இருந்தால் சிரித்திருப்பாய். எனக்கு உன் சிரிப்பு வரவில்லையடி, எத்தனை முறை முயன்றாலும் வரவில்லை. எனக்கு வருவது கோபம். ஆனால் முன்பெல்லாம் கோபம் வந்தால் என் கை நடுங்கும். இந்த ஞாயிறு நடுங்கவில்லை. நீ விட்டுப்போனதில் எனக்கென்று மிஞ்சியது அந்த நடுங்காத கைதான். அடுத்த ஞாயிறும் அதைக் கொண்டுபோகிறேன். அவர் நோட்டீஸை இன்னும் பெரிய எழுத்தில் ஒட்டிக்கொள்ளட்டும்.